வெறுங்காலோடு ஒரு கடற்பயணம்



சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை மாலை. திருப்பலி முடிந்து, கோவில் கதவைச் சாத்திவிட்டு வந்தபோது, பங்கு இல்லத்துத் திண்ணையில் ஒரு தந்தையும் மகனும் எனக்காகக் காத்திருந்தனர். தந்தை நம் திருமங்கலம் கடைத்தெருவில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கெழுதுபவர். மகனுக்குப் பதினாறு வயது. மாலைதோறும் பள்ளி மைதானத்தில் பந்து உதைக்கும் பிள்ளைகளுள் அவனே மிகச் சிறந்தவன் என்பதை அவ்வழியாகச் சைக்கிளில் போகும் நானும் கண்டிருக்கிறேன்.

"சாமி, பையனுக்கு வெளிநாட்டில் விளையாட வாய்ப்பு வந்திருக்கிறது. நீங்கள் ஒரு நற்சான்றுக் கடிதம் தந்தால் போதும்" என்றார் தந்தை. அவர் கையில் வழவழப்பான தாளொன்று இருந்தது. ஐரோப்பாவில் ஒரு கழகம் பையனைப் பரிசோதித்துப் பார்க்கும் என்றும், தேறினால் அங்கேயே ஒப்பந்தம் என்றும், முன்பணமாக ஒரு தொகை கட்ட வேண்டும் என்றும் அதில் அச்சிட்டிருந்தது. அந்தத் தொகை, அவர் மூன்றாண்டு உழைத்தாலும் மிச்சம் பிடிக்க முடியாதது. "வீட்டுக்காரியின் நகை இருக்கிறது சாமி" என்று அவரே மெல்லச் சொன்னார்.

பையன் அதுவரை தலை கவிழ்ந்து நின்றவன், அப்போதுதான் வாய் திறந்தான். "சாடியோ மானேகூட ஒரு கிராமத்திலிருந்துதான் போனார் சாமி."

பேனாவை எடுத்த என் கை தயங்கிற்று. ஏன் தயங்கிற்று என்பதைப் பின்னர்ச் சொல்கிறேன். "வரும் ஞாயிறு திருப்பலிக்குப் பின் வாருங்கள், பேசுவோம்" என்று கூறி அவர்களை அனுப்பிவைத்தேன். அந்த ஒரு வாரம் முழுவதும் நான் படித்ததும் நினைத்ததும் எல்லாம் பந்தாட்டமே! அவற்றுள் சிலவற்றைப் பெற்றோராகிய உங்களோடும் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

பம்பாலியிலிருந்து புறப்பட்டவர்

பையன் சொன்னது பொய்யன்று. மேற்கு ஆப்பிரிக்காவில் செனகல் என்னும் நாட்டின் தென்கோடியில் பம்பாலி என்றொரு சிற்றூர். சாடியோ மானே 1992-இல் அங்கே பிறந்தார். இளம் பருவத்திலேயே தந்தையை இழந்தார். நோயுற்ற அம்மனிதரைக் கொண்டுபோய்க் காட்ட அவ்வூரில் ஒரு மருத்துவமனை இல்லை. பதினைந்து வயதில், பந்தாட வேண்டும் என்னும் ஒரே வேட்கையால், வீட்டாருக்குச் சொல்லாமலே தலைநகர் டக்காருக்கு ஓடிப்போனார் மானே. அங்கே வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் ஒரு பெரியவர் அவருடைய கிழிந்த காலணியையும் பழைய கால்சட்டையையும் பார்த்து, "இவற்றை வைத்துக்கொண்டா ஆட வந்தாய்?" என்னும் பொருள்படக் கேட்டாராம். ஆடிக் காட்டிய பின்னர் அதே பெரியவர் அவரை விட மனமின்றித் தம் குழுவில் சேர்த்துக்கொண்டார். இதனை மானேயே பிற்காலத்தில் கூறியிருக்கிறார்.

2011-இல் பிரான்சு நாட்டின் மெட்ஸ் கழகம், 2012-இல் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க், 2014-இல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன், 2016-இல் லிவர்பூல், 2022-இல் ஜெர்மனியின் பேயர்ன் மியூனிக் என்று படிப்படியாக ஏறியது அவர் வாழ்க்கை. 2019-இல் லிவர்பூல் ஐரோப்பாவின் தலைசிறந்த கழகமாக வென்றபோதும், 2020-இல் இங்கிலாந்தின் லீக் பட்டத்தைப் பெற்றபோதும் அவர் அதன் முன்னணி வீரர்களுள் ஒருவர். 2022 பிப்ரவரியில் நடந்த ஆப்பிரிக்கக் கோப்பை இறுதியாட்டத்தில், தொடக்கத்தில் கிடைத்த பெனால்டியைத் தவறவிட்ட அவரே, முடிவை நிர்ணயிக்கும் கடைசி உதையை வலைக்குள் செலுத்தித் தம் நாட்டுக்கு முதன்முறையாக அக்கோப்பையைப் பெற்றுத் தந்தார். 2023-இல் அவர் ஐரோப்பாவை விட்டுச் சவூதி அரேபியாவின் அல் நஸர் கழகத்துக்குச் சென்றார்.

ஈட்டிய பொருளைக் கொண்டு அவர் தம் ஊரில் ஒரு பள்ளிக்கூடம் கட்டுவித்தார். 2021-இல் ஒரு மருத்துவமனையும் எழுந்தது. தந்தையைக் காப்பாற்ற இல்லாது போன மருத்துவமனை அது. இவ்வளவையும் அறிந்த ஒரு பதினாறு வயதுப் பிள்ளை, "நானும் போவேன்" என்று சொன்னால், அதில் வியப்பென்ன? பிழைதான் என்ன?

ஆயினும் இந்த வரலாற்றில் ஒரு சிறு நிகழ்ச்சி என் நெஞ்சில் தங்கிவிட்டது. பிரான்சுக்குப் போகும் செய்தியை மானே தம் தாயிடம் சொல்லவில்லை. போய்ச் சேர்ந்த பின்னரே தொலைபேசியில் பேசினார். தாய் அதனை நம்பவே இல்லை. தொலைக்காட்சியில் மகனைக் கண்ட பிறகுதான் நம்பினாராம். வெற்றி பெற்ற மகனைப் பற்றிய கதையாதலால் இதைக் கேட்டு நாம் புன்னகை செய்கிறோம். தொலைக்காட்சியில் ஒருபோதும் தோன்றாத மகன்களின் தாய்மார் எத்தனை பேர்? அவர்கள் எதைப் பார்த்து நம்புவார்கள்?

நம் நாட்டிலிருந்து முதலில் போனவர்

ஐரோப்பாவுக்குப் பந்தாடப் போனவரைத் தேடி நாம் செனகல் வரை செல்ல வேண்டியதில்லை. சாடியோ மானே பிறப்பதற்கு ஐம்பத்தாறு ஆண்டுகளுக்கு முன்பே, நம் இந்திய நாட்டு மனிதர் ஒருவர் கப்பலேறி அங்கே சென்று, வெறுங்காலோடு ஆடி, அவ்வூர் மக்களை வியப்பில் ஆழ்த்தினார். அவர் பெயர் முகமது சலீம். கல்கத்தாவைச் சேர்ந்தவர். 1904-இல் பிறந்தவர்.

சலீம் ஆடியது கல்கத்தாவின் முகமதன் ஸ்போர்ட்டிங் என்னும் புகழ்பெற்ற கழகத்தில். அக்கழகம் 1934-இல் கல்கத்தா லீக் பட்டத்தை வென்றது. வெள்ளையர் படைப்பிரிவுகளும் வெள்ளையர் கழகங்களுமே மாறி மாறி வென்றுவந்த பட்டத்தை ஓர் இந்தியக் கழகம் பெற்றது அதுவே முதல் முறை. 1938 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் அப்பட்டம் அவர்களை விட்டு அகலவில்லை. அந்த அணியின் வலப்பக்க முன்னணி ஆட்டக்காரர் சலீம்.

அக்காலத்தில் நம்மவர் பெரும்பாலும் காலணியின்றியே ஆடினர். 1911-இல் மோகன் பகான் கழகம் கிழக்கு யார்க்ஷயர் படைப்பிரிவை 2-1 என்று வென்று ஐ.எப்.ஏ. கேடயத்தைக் கைப்பற்றியதே, அந்தப் பதினொருவருள் காலணி அணிந்திருந்தவர் ஒரே ஒருவர்: கிறிஸ்தவரான சுதிர் சட்டர்ஜி. மற்றப் பதின்மரும் வெறுங்காலர். 1948 இலண்டன் ஒலிம்பிக்கில்கூட நம் அணியினருள் பலர் வெறுங்காலோடுதான் பிரான்சை எதிர்த்து ஆடினர். அன்று நம் ஒரே கோலைப் போட்டவர் சாரங்கபாணி ராமன். 1952-இல் பின்லாந்தின் ஹெல்சிங்கி நகரக் குளிரில் யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று தோற்ற பிறகே காலணி நம்மவருக்குக் கட்டாயமாயிற்று.

1936-ஆம் ஆண்டு. பிரிட்டனில் வாழ்ந்த ஹாஷிம் என்னும் உறவினர் விடுமுறைக்குக் கல்கத்தா வந்திருந்தார். சலீமின் ஆட்டத்தைக் கண்டார். "நீ ஐரோப்பாவில் ஆட வேண்டியவன்" என்று வற்புறுத்தி, உடன் அழைத்துக்கொண்டு கப்பலேறினார். கெய்ரோ வழியாக இலண்டன் சேர்ந்து, அங்கிருந்து ஸ்காத்லாந்தின் கிளாஸ்கோ நகருக்குப் போனார்கள். அங்கே அவர்கள் கதவைத் தட்டிய கழகம் செல்டிக். முந்திய பருவத்தில்தான் அது ஸ்காத்லாந்தின் லீக் பட்டத்தை வென்றிருந்தது. எவ்வித முன்னறிவிப்புமின்றி அப்பேர்ப்பட்ட கழகத்தின் மேலாளர் வில்லி மேலியின் முன் சென்று ஹாஷிம், "இந்தியாவிலிருந்து ஒரு பெரிய ஆட்டக்காரர் வந்திருக்கிறார், பார்த்துச் சொல்லுங்கள். ஆனால் ஒரு சிறு சிக்கல், அவர் வெறுங்காலோடு ஆடுபவர்" என்று கூறினாராம்.

மேலி அப்போது ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளாக அக்கழகத்தை நடத்திவந்தவர். சிரித்து அனுப்பியிருக்கலாம். அவரோ, "ஆடிக் காட்டட்டும்" என்றார். சலீம் ஆடிக் காட்டினார். அவரை அணியில் சேர்த்துக்கொண்டனர்.

பசித்த பிள்ளைகளுக்காகத் தோன்றிய கழகம்

செல்டிக் கழகத்தைப் பற்றி நம் குடும்பங்கள் அறிய வேண்டிய ஒரு செய்தி உண்டு. அதனைத் தோற்றுவித்தவர் ஒரு துறவி. மரிஸ்ட் சபையைச் சேர்ந்த சகோதரர் வால்ஃபிரிட் என்பவர். அயர்லாந்தின் சிலைகோ பகுதியில் 1840-இல் பிறந்தவர். இயற்பெயர் ஆண்ட்ரூ கெரின்ஸ். கிளாஸ்கோவின் கிழக்குப் பகுதியில் பள்ளித் தலைமையாசிரியராக இருந்தார். பஞ்சத்துக்குத் தப்பிப் பிழைக்க வந்த அயர்லாந்து நாட்டு ஏழைகள் அங்கே நெருக்கியடித்து வாழ்ந்தனர். பிள்ளைகள் வெறும் வயிற்றோடு பள்ளிக்கு வந்தனர், பலர் வரவேயில்லை. அவர்களுக்கு ஒரு வேளை உணவளிக்கும் திட்டமொன்றை வால்ஃபிரிட் நடத்திவந்தார். உண்ணக் கிடைத்தால் பிள்ளை பள்ளிக்கு வரும் என்னும் எளிய உண்மையை, நம் காமராசர் 1956-இல் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்குமுன்பே, அந்தத் துறவியும் தம் சிறு வட்டத்தில் கண்டுகொண்டிருந்தார்.

அந்த உணவுக்குப் பணம் வேண்டும். பந்தாட்டம் நடத்தினால் மக்கள் நுழைவுக் கட்டணம் தருவர். ஆகவே 1887 நவம்பரில், புனித மரியாள் ஆலயத்தின் மண்டபத்தில் கூடி, செல்டிக் கழகத்தைத் தொடங்கினர். 1888 மே மாதம் ரேஞ்சர்ஸ் கழகத்தோடு ஆடிய முதல் ஆட்டத்திலேயே 5-2 என்று வென்றனர்.

முழு உண்மையையும் சொல்லிவிட வேண்டும். கழகம் வளர்ந்தது, வளர்ந்ததும் 1897-இல் பங்குதாரர்களைக் கொண்ட நிறுவனமாக மாறியது, ஏழைப் பிள்ளைகளுக்குப் போய்க்கொண்டிருந்த பணம் தேய்ந்தது. நல்ல நோக்கத்தோடு தொடங்கியவை பணம் பெருகும்போது எப்படித் தடம் மாறுகின்றன என்பதற்கு அதுவும் ஒரு சான்று. எனினும் அகதிகளாகவும் அந்நியராகவும் வந்தவர்களின் கழகம் அது என்னும் நினைவு அந்த மதில்களுக்குள் முற்றிலும் அழிந்துவிடவில்லை. கல்கத்தாவிலிருந்து வந்த ஓர் இஸ்லாமியர், அடிமை நாட்டின் குடிமகன், காலணியின்றி வந்து நின்றபோது, அந்தக் கதவு திறந்தது.

காலுக்குக் கட்டிய துணி

அந்நாளில் எடுத்த புகைப்படம் ஒன்று இன்றும் இருக்கிறது. சலீம் அமர்ந்திருக்கிறார். அவருடைய பாதத்தை ஒருவர் பிடித்துத் துணிப்பட்டையைச் சுற்றிக் கட்டுகிறார். கட்டுபவர் கழகத்தின் பயிற்சியாளர் ஜிம்மி மெக்மெனமி. அவர் சாதாரண ஆள் அல்லர். தம் இளமையில் செல்டிக் அணியின் ஈடிணையற்ற ஆட்டக்காரராக விளங்கிப் பல லீக் பட்டங்களை வென்றவர். அவருடைய மதிநுட்பம் கண்டு மக்கள் அவரை 'நெப்போலியன்' என்றே அழைத்தனர். ஐம்பது வயதைக் கடந்த அந்த மனிதர், முன்பின் அறியாத ஒரு வெளிநாட்டவரின் பாதத்தை ஏந்தியிருக்கிறார்.

அப்படத்தைப் பார்த்தபோது, பெரிய வியாழனன்று பன்னிருவரின் பாதங்களைக் கழுவும் சடங்கு என் நினைவுக்கு வந்தது. ஆண்டுதோறும் செய்கிறேன். கழுவப்படும் பாதங்கள் முன்னதாகவே வீட்டில் நன்கு கழுவப்பட்டு வருவனதாம். மெக்மெனமி சடங்கு செய்யவில்லை. எதிரே நிற்பவர்கள் கனத்த தோல் காலணியோடு ஆடுவர். இவர் கால் நசுங்கிவிடக் கூடாது என்று கவலைப்பட்டார். "எங்களைப் போல் காலணி போட்டுக்கொள், இல்லையேல் போய்விடு" என்று சொல்லாமல், வந்தவரின் வழக்கத்தை மதித்து, அதற்கேற்ற காப்பைச் செய்து தந்தார்.

சலீம் ஆடிய ஆட்டம் இரண்டு. கால்ஸ்டன் அணியோடு நடந்த ஆட்டத்தில் செல்டிக் 7-1 என்று வென்றது. அவற்றுள் மூன்று கோல்கள் சலீம் எடுத்துக்கொடுத்த பந்துகளால் விளைந்தவை. பெனால்டி கிடைத்தபோது அவரை உதைக்கச் சொன்னார்கள், கூச்சத்தால் மறுத்துவிட்டாராம்! ஹாமில்டன் அகடமிக்கல் அணியோடு நடந்த ஆட்டத்தில் அந்தக் கூச்சம் அகன்றது. பெனால்டியை உதைத்துக் கோல் போட்டார். செல்டிக் 5-1 என்று வென்றது. 1936 ஆகஸ்டு 29-ஆம் நாள் வெளிவந்த ஸ்காத்லாந்துச் செய்தித்தாளொன்று, அவரை இந்தியாவிலிருந்து வந்த வித்தைக்காரர் என்று வருணித்து, அவருடைய பத்துக் கால்விரல்களும் பார்வையாளரை மயக்கியதைப் புகழ்ந்து எழுதியது.

திரும்பி வந்தவர்

இவ்வளவு புகழும் கிட்டிய பின், அவர் அங்கேயே தங்கிப் பெரும் பொருள் ஈட்டினார் என்றுதானே எதிர்பார்ப்போம்? இல்லை. சில மாதங்களிலேயே சலீமுக்கு ஊர் நினைவு மிகுந்தது. குளிரும், தனிமையும், மொழியும், உணவும் எல்லாம் சேர்ந்து வருத்தின. "போகாதே" என்று கழகத்தார் கேட்டுக்கொண்டனர். அவர் பொருட்டு ஓர் அறப்பணி ஆட்டம் நடத்தி, வசூலில் நூற்றுக்கு ஐந்து பங்கு தருவதாகக் கூறினர். அந்தப் பங்கை அனாதைச் சிறுவர்களுக்கே கொடுத்துவிடும்படி சலீம் சொல்லிவிட்டார் என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். பின்னர்க் கப்பலேறிக் கல்கத்தாவுக்குத் திரும்பி, பழைய கழகத்துக்காகவே மீண்டும் ஆடினார்.

அவர் தோற்றுத் திரும்பியவரா? அந்தக் கேள்வியைக் கல்கத்தா மக்கள் கேட்டதாகத் தெரியவில்லை. அவர்களுடைய சலீம் திரும்பி வந்தார், அணியில் அவர் இடம் அவருக்குக் கிடைத்தது, அவ்வளவே.

இந்த வரலாற்றுக்கு ஓர் அழகான முடிவும் உண்டு. பல்லாண்டுகளுக்குப் பின், முதுமையில் சலீம் நோயுற்றிருந்தபோது, அவருடைய மகன் செல்டிக் கழகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். தந்தையின் மருத்துவத்துக்குப் பணம் தேவைப்படுகிறது என்று அதில் குறிப்பிட்டிருந்தார். உண்மையில் அவர் நாடியது பணத்தை அன்று. தம் தந்தையை அங்கே யாரேனும் நினைவில் வைத்திருக்கிறார்களா என்று அறியவே அப்படி எழுதினார். கழகத்திலிருந்து மறுமொழி வந்தது. உள்ளே நூறு பவுனுக்கு ஒரு வங்கி வரைவோலை! இரண்டே ஆட்டம் ஆடிச் சென்ற ஒருவரை அவர்கள் மறக்கவில்லை. மகன் அந்த வரைவோலையை மாற்றிக்கொள்ளாமல், தந்தைக்குக் கிடைத்த மதிப்பின் அடையாளமாகப் பாதுகாத்து வைத்தார். சலீம் 1980-இல் காலமானார்.

நான் கையெழுத்திட்ட கடிதம்

இப்போது என் கை தயங்கிய காரணத்தைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன், நான் வேறொரு பங்கில் இருந்தபோது, இதேபோல் ஒரு பையனுக்கு நற்சான்றுக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். தொலைவிலுள்ள ஒரு பெருநகரில் பயிற்சி நிலையம். அங்கிருந்து வெளிநாடு என்றார்கள். நான் எதனையும் விசாரிக்கவில்லை. வழியனுப்பு விழா நடத்தினோம். பேருந்து நிலையத்தில் வண்ணப் படத்தோடு பெரிய விளம்பரப் பலகை வைத்தோம். கோவிலில் சிறப்பு மன்றாட்டும் சொன்னோம்.

எட்டு மாதத்தில் பையன் திரும்பிவிட்டான். அங்கே ஓர் அறையில் பதினான்கு பேர். பயிற்சி வாரத்துக்கு இரு நாள். முழங்காலில் அடிபட்டபோது மருத்துவச் செலவுக்குக் கையை விரித்துவிட்டார்கள். இரவுப் பேருந்தில் வந்து இறங்கியவன், விடிவதற்குள் வீட்டுக்குள் புகுந்துகொண்டான். அவன் படம் போட்ட பலகை அப்போதும் நிலையத்தில் வெயிலில் வெளுத்துப்போய் நின்றுகொண்டிருந்தது. பல மாதங்கள் அவன் கோவிலுக்கு வரவில்லை. "சின்ன மானே வந்துவிட்டார்" என்று தெருவில் சிலர் கேலி பேசினர். நான் அவன் வீட்டுக்குப் போக ஆறு வாரம் ஆயிற்று. வேலை மிகுதி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை வேறு: அந்தக் கடிதத்தில் இருந்தது என் கையெழுத்து. அவன் முகத்தில் விழிக்க எனக்கு வெட்கமாக இருந்தது.

போனபோது ஊரே கூடி அனுப்பினோம். வந்தபோது ஒருவரும் போய் வரவேற்கவில்லை. பயிற்சி நிலையத்தார் செய்தது பிழை என்றால், நாங்கள் செய்தது அதனினும் பெரிய பிழை என்று இன்றும் கருதுகிறேன்.

ஆப்பிரிக்க நாடுகளில் இத்துயரம் மிகப் பெரிய அளவில் நிகழ்ந்திருக்கிறது. குடும்பத்தின் சேமிப்பையெல்லாம் தரகனிடம் கொடுத்து ஐரோப்பாவுக்குப் போன சிறுவர் பலர், பரிசோதனையில் தேறாமலோ, அப்படியொரு பரிசோதனையே இல்லாமலோ, பாரிஸ் போன்ற நகரங்களின் தெருக்களில் கைவிடப்பட்டனர். வெறுங்கையோடு ஊர் திரும்ப வெட்கப்பட்டு அங்கேயே மறைந்து வாழ்ந்தோர் உண்டு. அவர்களுக்கு உதவுவதற்காகவே கேமரூன் நாட்டின் முன்னாள் வீரர் ஜான் குளோத் ம்புவுமின் என்பவர் 2000-இல் பிரான்சில் 'ஃபுட் சொலிடேர்' என்னும் அமைப்பைத் தொடங்கினார்.

ஞாயிறன்று பேசியவை

குறித்த ஞாயிறன்று தந்தையும் மகனும் வந்தனர். இம்முறை தாயும் வந்திருந்தார். சலீமின் கதையைச் சொன்னேன். பிறகு, அந்தத் தாளை மேசைமேல் விரித்து வைத்து, ஒவ்வொரு வரியாகப் படித்தோம். நாங்கள் பேசியவை பிற பெற்றோருக்கும் பயன்படலாம் என்பதால் இங்கே தருகிறேன்.

முதலாவது வயது. உலகக் கால்பந்துக் கூட்டமைப்பாகிய ஃபிஃபா 2001-இல் வகுத்த விதிப்படி, பதினெட்டு வயது நிரம்பாத ஆட்டக்காரரை ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டின் கழகத்துக்கு மாற்றுவது பொதுவாகத் தடை செய்யப்பட்டுள்ளது. பெற்றோர் வேறு காரணத்துக்காக அந்நாட்டில் குடியேறுவது போன்ற சில விலக்குகள் மட்டுமே உண்டு. நம் பையனுக்குப் பதினாறு. ஆகவே ஐரோப்பியக் கழகத்தோடு ஒப்பந்தம் என்னும் சொல்லே இங்கே நிற்காது.

இரண்டாவது பணம். மெய்யாகவே விரும்பும் கழகம் ஆட்டக்காரருக்குப் பணம் தரும், அவரிடம் வாங்காது. தரகர் என்போரும் ஃபிஃபாவின் உரிமம் பெற்றிருக்க வேண்டும். உரிமம் எங்கே, கழகத்தின் பெயர் என்ன, அக்கழகமே நேரில் எழுதிய கடிதம் எங்கே என்று கேளுங்கள். அந்தத் தாளில் கழகத்தின் பெயரே இல்லை என்பதை நான்கு பேரும் அப்போதுதான் கவனித்தோம்! தாயார்தாம் முதலில் கண்டுபிடித்தார்.

மூன்றாவது பாதை. நம் நாட்டிலேயே படிகள் உள்ளன. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் நடத்தும் விளையாட்டு விடுதிகளில் தேர்வு பெற்றுச் சேரும் பிள்ளைகளுக்குத் தங்குமிடமும் உணவும் பயிற்சியும் அரசே தருகிறது, படிப்பும் நிற்பதில்லை. மாவட்ட அணி, மாநில அணி, சந்தோஷ் கோப்பை என்று ஏறியவர்கள் உண்டு. குமரி மாவட்டத்தின் தூத்தூர் வட்டாரக் கடற்கரை ஊர்களில், மீன்பிடிக்கும் குடும்பங்களிலிருந்து எத்தனை ஆட்டக்காரர் கிளம்பியிருக்கின்றனர்! அவ்வட்டாரத்து மைக்கேல் சூசைராஜ் இந்தியாவின் முதல்நிலைக் கழகங்கள் வரை உயர்ந்தார்.

இவ்வழி ஐரோப்பாவுக்குப் போகாது என்றும் கருதிவிட வேண்டாம். சிக்கிம் மாநிலத்துப் பாய்சுங் பூட்டியா, கல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் கழகத்தில் பெயர் பெற்ற பின்னரே, 1999-இல் இங்கிலாந்தின் பரி கழகத்தில் ஒப்பந்தமானார். வேல்ஸ் நாட்டில் வளர்ந்த ஈழத்தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை விமல் யோகநாதன் 2024-இல் இங்கிலாந்தின் பார்ன்சிலி கழகத்து முதல் அணிக்காகக் களமிறங்கினார். மேற்கு ஆப்பிரிக்காவின் நைஜீரியாவிலிருந்து படிப்பதற்காக நம் விசாகப்பட்டினத்துக்கு வந்த சீமா ஒகோரி என்னும் இளைஞர், 1980-களில் சலீம் ஆடிய அதே முகமதன் ஸ்போர்ட்டிங் கழகத்தில் சேர்ந்து, கல்கத்தாவின் மூன்று பெருங்கழகங்களுக்கும் ஆடிப் புகழ் பெற்று, இடையில் இங்கிலாந்திலும் ஆடி, மீண்டும் கல்கத்தாவுக்கே வந்தார். கல்கத்தா அவரை அந்நியராக எண்ணவில்லை.

பையன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். முகம் வாடியிருந்தது. மறைக்க வேண்டியதில்லை, பதினாறு வயதுக் கனவொன்று அன்று அந்த மேசைமேல் உடைந்தது. சற்று நேரம் கழித்து, "சலீம் ஏன் சாமி திரும்பி வந்தார்? நானாக இருந்தால் வரமாட்டேன்" என்றான். "வராமலிருந்தாலும் சரிதான். ஆனால் வர நேர்ந்தால், அதற்காக நீ ஒளிந்துகொள்ள வேண்டியதில்லை. அதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்" என்றேன். அவனுக்கு அது விளங்கிற்றா என்று அறியேன். அவன் தாய் என்னை ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தார். அவருக்கு விளங்கிற்று.

நகை பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. விளையாட்டு விடுதித் தேர்வுக்கான விண்ணப்பத்தை நாங்களே நிரப்பினோம். அதற்கு வேண்டிய நற்சான்றை அன்றே எழுதிக் கொடுத்தேன். இம்முறை எங்கே அனுப்புகிறோம் என்று தெரிந்தே கையெழுத்திட்டேன்.

பெற்றோரே, உங்கள் பிள்ளைகளின் வேட்கையை ஏளனம் செய்யாதீர்கள். பம்பாலியின் கிழிந்த காலணியை ஏளனம் செய்த பெரியவரே பின்னர் வெட்கப்பட நேர்ந்தது. அதேவேளை, கண்ணை மூடிக்கொண்டு அனுப்பியும் விடாதீர்கள். போகுமிடத்தில் அவன் காலுக்குத் துணி சுற்றிக் கட்ட ஒரு மெக்மெனமி இருக்கிறாரா என்று விசாரியுங்கள். திரும்பி வந்தால், பேருந்து நிலையத்துக்கு நீங்களே போய் நில்லுங்கள். நள்ளிரவானாலும் போய் நில்லுங்கள். உங்கள் பங்குக் குருவையும் எழுப்பி அழைத்துச் செல்லுங்கள்.

முழங்காலில் அடிபட்டுத் திரும்பிய அந்தப் பழைய பங்கின் பையன் இப்போது ஒரு பள்ளியில் சிறுவர்களுக்குப் பந்தாட்டம் பழக்குகிறான். சென்ற கிறிஸ்மசுக்கு என்னைக் காண வந்தான். "என்னிடம் இருபத்திரண்டு பிள்ளைகள் சாமி. ஐந்து பேருக்குக் காலணி இல்லை" என்றான். மறுவாரம் நாங்கள் இருவரும் மதுரைக்குப் போய் ஐந்து இணைக் காலணிகள் வாங்கி வந்தோம்.

அடுத்த மாதம் சந்திப்போம்.